கணினியில் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கு ஆறு வயதாகிறது. விண்டோஸ் 10 போட்டிருக்கிறோம். வூஃபர் பெட்டி ஒன்றும் சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டும் உள்ள 2.1 செட் இணைத்திருக்கிறோம். பத்து நாட்களுக்கு முன் பழைய மானிட்டர் பழுதானதால் புதிது வாங்கி, எச்டிஎம்ஐ கேபிளில் நானே மாட்டினேன். அதற்குப் பிறகும் சத்தம் நன்றாகவே வந்தது. சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மின்சாரம் போய் வந்ததிலிருந்து சத்தமே இல்லை. திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கிறது, அதன்மேல் சிவப்புக் குறி எதுவும் இல்லை, ஒலியளவும் நூறில் நிற்கிறது. கடையில் கேட்டால், விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், அப்போதும் வராவிட்டால் மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். என் மகள் சனிக்கிழமைதோறும் இந்தக் கணினி வழியாகத்தான் வாய்ப்பாட்டு கற்கிறாள். பணம் செலவழிப்பதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?
— ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். கடைக்காரர் சொன்ன இரண்டு வேலைகளில் எதற்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் மூன்று செய்திகளே, மதர்போர்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்கின்றன. ஸ்பீக்கர் படத்தின்மேல் சிவப்புக் குறி இல்லை என்றால், ஒலியைக் கவனித்துக்கொள்ளும் விண்டோஸ் சேவை இயங்கிக்கொண்டிருக்கிறது, ஒலியை அனுப்புவதற்கு ஏதோ ஒரு கருவியும் அதன் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொருள். எச்டிஎம்ஐ கேபிளில் புதிய மானிட்டர் மாட்டியிருக்கிறீர்கள். மின்சாரம் போய் வந்த பிறகே சத்தம் நின்றிருக்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒலி உருவாகாமல் போனதைவிட, உருவான ஒலி வழிதவறிப் போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கணினியில் ஒரு பாட்டு நம் காதுக்கு வருவதற்குள் பல கை மாறுகிறது. பாடவைக்கும் செயலி அதை விண்டோஸிடம் கொடுக்கிறது. விண்டோஸ் அதை டிரைவர் என்னும் இடைநிலை மென்பொருளிடம் தருகிறது. டிரைவர் அதை மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லுக்கு அனுப்புகிறது. எண்களாக வந்ததை அந்தச் சில்லு மின் அலைகளாக மாற்றிப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள பச்சைத் துளைக்குக் கொண்டுவருகிறது. அங்கிருந்து ஒயர் வழியாக உங்கள் வூஃபர் பெட்டிக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும், அதிலிருந்து ஸ்பீக்கர்களுக்கும் போகிறது. இவற்றில் ஓர் இடத்தில் மட்டும் அறுந்திருக்கிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்க்கும் வேலை. இடத்தைத் தேடாமல் விண்டோஸை அழித்துப் போடுவது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றதும் மேல்தொட்டியை இடிப்பதற்குச் சமம்.

தேடும்போது ஒரு முனையிலிருந்து வரிசையாகப் போவதைவிட, பாதையை நடுவில் பிரிப்பது நல்லது. உங்கள் கணினியில் அந்த நடு இடம் பச்சைத் துளை. டார்ச் விளக்குடன் சிபியூ பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று வட்டத் துளைகள் இருக்கும். இளம்பச்சை நிறத்தில் இருப்பதில்தான் ஸ்பீக்கரைச் சொருக வேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு உரியது. மானிட்டர் மாற்றிய பிறகும் சத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அன்று துளை மாறியிருக்காது. ஆனால் சத்தம் நின்றபின் பதற்றத்தில் ஒயர்களைப் பிடுங்கி மறுபடி சொருகியிருந்தால் அப்போது மாறியிருக்கலாம். பச்சைத் துளையிலிருந்து ஸ்பீக்கர் ஒயரை எடுத்துவிட்டு, சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போன் ஒன்றை 'டக்' என்று உட்காரும்வரை அதே துளையில் சொருகுங்கள். முதலில் காதில் வைக்க வேண்டாம், ஒலியளவு நூறில் இருக்கிறது. இருபதுக்குக் குறைத்து ஒரு பாட்டை ஓடவிட்ட பிறகு காதருகே கொண்டுபோங்கள்.

இயர்போனில் பாட்டு கேட்டால் கணினியில் ஒரு குறையும் இல்லை. குறை ஸ்பீக்கர் செட்டில் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் பழுதே அல்ல. நம் வீடுகளில் இருக்கும் 2.1 செட்டுகள் பலவற்றில் எஃப்எம், புளூடூத், பென்டிரைவ், ஆக்ஸ் என்று நான்கு விதமான முறைகள் இருக்கின்றன. கணினியின் ஒலி ஆக்ஸ் முறையில் மட்டுமே கேட்கும். மின்சாரம் போய் வரும்போது சில செட்டுகள் முன்பு இருந்த முறையை மறந்துவிட்டு, நேராகப் புளூடூத்துக்கோ எஃப்எம்முக்கோ போய் நிற்கும். விளக்கு எரியும், பெட்டி உயிரோடு இருப்பதுபோலத் தெரியும், ஆனால் கணினியிலிருந்து வரும் ஒயரை அது காதில் போட்டுக்கொள்ளாது. ரிமோட்டிலோ பெட்டியிலோ 'மோட்' அல்லது 'இன்புட்' என்றிருக்கும் பொத்தானை ஒவ்வொரு தடவையாக அழுத்தி, ஆக்ஸ் அல்லது லைன் என்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். மின்வெட்டுக்குப் பின் வரும் 'சத்தம் இல்லை' அழைப்புகளில் இந்தப் பொத்தானிலேயே முடிந்துபோனவை எனக்கு நிறைய நினைவிருக்கின்றன. முறை சரியாக இருந்தும் ஒலி வரவில்லை என்றால், பச்சைத் துளையிலிருந்து எடுத்த ஜாக்கை, அந்தத் துளையுள்ள ஏதாவது ஒரு பழைய கைபேசியில் சொருகிப் பாட்டு போடுங்கள். அப்போதும் மௌனம் என்றால் ஒயரோ ஆம்ப்ளிஃபயரோ போயிருக்கிறது; கணினிக் கடைக்கு அல்ல, எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவரிடம் அதைக் கொடுங்கள்.

இயர்போனிலும் மௌனம்தான் என்றால், பாதையின் முன்பாதிக்குள் போக வேண்டும். முதலில் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை ஒரே ஒரு முறை சொடுக்குங்கள். ஒலியளவுக் கோட்டுக்கு மேலே ஒரு பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பலரும் கோட்டைப் பார்ப்பார்கள், அந்தப் பெயரைப் படிப்பதில்லை. விண்டோஸ் இப்போது ஒலியை எந்தக் கருவிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்பதை அந்தப் பெயர்தான் சொல்கிறது. அங்கே 'ஸ்பீக்கர்ஸ்' என்றும் அதனுடன் பெரும்பாலும் 'ரியல்டெக்' (ஒலிச் சில்லைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர்) என்றும் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உங்கள் புதிய மானிட்டரின் மாடல் எண்ணோ, 'டிஸ்ப்ளே ஆடியோ' என்ற சொல்லோ, கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் பெயரோ இருந்தால், காணாமல்போன ஒலியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். அது நூறு அளவில் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மறுபடியும் நடக்கக்கூடியது. பழைய மானிட்டர்களுக்கு இருந்த நீல நிற விஜிஏ கேபிள் படத்தை மட்டுமே சுமந்தது. எச்டிஎம்ஐ கேபிள் படத்துடன் ஒலியையும் சுமக்கும். மானிட்டரை மாட்டியவுடன் அது தன் பெயரையும், காட்டக்கூடிய படத்தின் அளவையும், ஒலி வாங்கும் வசதி உண்டா என்பதையும் கணினிக்குச் சொல்லிவிடும். தனக்குள் ஸ்பீக்கரே இல்லாத மானிட்டர்களிலும் இயர்போன் சொருகும் துளை ஒன்று இருப்பதால், 'ஒலி வாங்குவேன்' என்று சொல்பவை பல. அதை நம்பி விண்டோஸ் மானிட்டரையும் ஒலிக்கருவிகளின் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. முதல் சில நாட்கள் பழைய ஸ்பீக்கரே தொடரலாம். பிறகு கிராஃபிக்ஸ் டிரைவருக்கான அப்டேட் ஒன்று முடியும்போதோ, பச்சைத் துளையில் உள்ள ஜாக் சற்றுத் தளர்ந்து அங்கே எதுவும் இல்லை என்று கணினி எண்ணும்போதோ, தேர்வு மானிட்டரின் பக்கம் சாய்ந்துவிடும். மின்சாரம் வந்தபின் கணினி புதிதாகத் தொடங்கிய அந்த வேளையில்தான் உங்கள் வீட்டில் இது நடந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சரிசெய்ய, ஸ்பீக்கர் படத்தை வலது பொத்தானால் சொடுக்கி 'சவுண்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் சிறிய சன்னலில் 'பிளேபேக்' என்ற பக்கத்துக்குப் போங்கள். இந்தப் பக்கம் பார்ப்பதற்குப் பழைய காலத்தது போல இருந்தாலும், ஒலிப் பழுதைக் கண்டறிவதற்கு விண்டோஸில் இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. கருவிகள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக இருக்கும். நடப்புக் கருவியின்மேல் பச்சை வட்டத்தில் ஒரு டிக் குறி இருக்கும். வரியின் வலது ஓரத்தில் சிறிய படிக்கட்டு போன்ற கோடுகள் நிற்கும். ஒரு பாட்டை ஓடவிட்டு அந்தக் கோடுகளையே பாருங்கள். ஒலி போய்ச் சேரும் கருவியின் கோடுகள் பாட்டுக்கு ஏற்பப் பச்சையாக ஏறி இறங்கும். காதுக்குக் கேட்காத ஒலியை இங்கே கண்ணால் பார்க்கலாம். மானிட்டரின் வரியில் பச்சை ஆடினால், 'ஸ்பீக்கர்ஸ்' என்ற வரியைத் தேர்ந்து, கீழே உள்ள 'செட் டிஃபால்ட்' பொத்தானை அழுத்துங்கள். மானிட்டரில் ஒலியே தேவையில்லை என்றால், அதன் வரியை வலது பொத்தானால் சொடுக்கி 'டிஸேபிள்' கொடுத்துவிடலாம். படத்துக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி ஒலி அங்கே தாவவும் வழியிருக்காது.

'ஸ்பீக்கர்ஸ்' வரியிலேயே பச்சை ஆடுகிறது, ஆனால் இயர்போனில் எதுவும் கேட்கவில்லை என்றால், விண்டோஸ் தன் வேலையை முடித்துவிட்டது, குறை அதற்கு அப்பால் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இந்த நிலையில் விண்டோஸை அழித்துப் போடுவதால் பயன் கிடைப்பது அரிது. முதலில் கணினியை முறையாக நிறுத்துங்கள். சுவரிலுள்ள ஸ்விட்சையும் அணைத்து, சிபியூவின் பின்னால் உள்ள மின்கேபிளைக் கழற்றுங்கள். பிறகு தொடக்கப் பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தபின் மறுபடி இணையுங்கள். மின்சாரம் விட்டுவிட்டு வரும்போது ஒலிச் சில்லு அரைகுறை நிலையில் சிக்கிக்கொள்வது உண்டு, அது இப்படித் தெளியும். விண்டோஸ் 8 முதல், 'ஷட்டவுன்' கொடுத்தாலும் கணினி தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் சேமித்துவைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே எடுத்து எழுகிறது; ஆகவே சாதாரணமாக அணைத்துப் போடுவதைவிட, 'ரீஸ்டார்ட்' கொடுப்பதே முழுமையான மறுதொடக்கம்.

அப்படியும் வரவில்லை என்றால் சிபியூவின் முன்பக்கத்தில் உள்ள இயர்போன் துளையைப் பாருங்கள். பல கணினிகளில் முன்துளையில் இயர்போன் சொருகினால் பின்துளையின் ஒலி தானாக நின்றுவிடும். துளைக்குள் உள்ள மெல்லிய உலோகத் தகடு அசைவதை வைத்தே கணினி இதைத் தெரிந்துகொள்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் டிரைவரை மூன்று முறை மாற்றிப் போட்டும் ஒலி வராமல் தவித்தேன். விண்டோஸில் பச்சைக் கோடுகள் ஆடின, பின்துளையில் சத்தம் இல்லை. கடைசியில் முன்துளைக்குள் டார்ச் அடித்தபோது, அடியில் அரிசி அளவில் தங்க நிறத்தில் ஏதோ மின்னியது. பேரனின் இயர்போன் முனை உடைந்து உள்ளேயே தங்கியிருந்தது. இயர்போன் இன்னும் சொருகியே இருக்கிறது என்று கணினி நம்பிக்கொண்டிருந்தது. மின்கேபிளைக் கழற்றிவிட்டு மெல்லிய இடுக்கியால் அதை எடுத்ததும் பின்னால் பாட்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து மென்பொருளைத் தொடுவதற்கு முன் டார்ச்சை எடுக்கிறேன். உங்கள் கணினியில் முனை உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. தூசியால் தகடு ஒட்டிக்கொண்டிருந்தால் முன்துளையில் ஒரு ஜாக்கைப் பத்து முறை சொருகி எடுத்தாலே போதும்.

எந்த வரியிலும் பச்சை ஆடவில்லை என்றால், பாட்டு விண்டோஸுக்கே வந்து சேரவில்லை. அதே பக்கத்தில் 'ஸ்பீக்கர்ஸ்' வரியை வலது பொத்தானால் சொடுக்கி 'டெஸ்ட்' கொடுங்கள். மணியோசை கேட்டால் குறை அந்தச் செயலியில்தான். உலாவியில் அந்தத் தாவல் ஊமையாக்கப்பட்டிருக்கலாம். 'வால்யூம் மிக்ஸர்' என்ற இடத்தில் அந்தச் செயலியின் அளவு மட்டும் பூஜ்யத்தில் இருக்கலாம். விண்டோஸ் 10-இல் 2018-இல் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஒலிக்கருவியைத் தேர்ந்துகொடுக்கும் வசதியும் வந்தது. அங்கே யாரோ எப்போதோ மாற்றியது நம்மை நாள்கணக்கில் அலைக்கழிக்கும். அந்த வசதி உள்ள அமைப்புப் பக்கத்தின் அடியில் இருக்கும் 'ரீசெட்' பொத்தான் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

பட்டியலில் 'ஸ்பீக்கர்ஸ்' என்ற வரியே இல்லை என்றால், வெற்றிடத்தில் வலது பொத்தானைச் சொடுக்கி, முடக்கப்பட்டவற்றையும் இணைப்பில்லாதவற்றையும் காட்டும்படி இரண்டு குறிகளையும் போடுங்கள். அப்போது மங்கலாகத் தெரிந்தால் 'எனேபிள்' கொடுத்தால் போதும். அங்கும் இல்லையென்றால்தான் டிரைவரிடம் போக வேண்டும். ஸ்டார்ட் பொத்தானை வலது பொத்தானால் சொடுக்கி 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, ஒலிக்கருவிகளின் பிரிவில் ரியல்டெக் என்றிருப்பதன் பண்புகளில் 'ரோல் பேக் டிரைவர்' உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். அண்மையில் வந்த அப்டேட் கெடுத்திருந்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். அது மங்கிக் கிடந்தால், 'அப்டேட் டிரைவர்' வழியாகக் கணினியிலேயே உள்ள பட்டியலைக் காட்டச் சொல்லி, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பொதுவான டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல் 2004-இல் வகுத்த பொது விதிப்படியே இன்றைய மதர்போர்டு ஒலிச் சில்லுகள் பெரும்பாலும் இயங்குவதால், மைக்ரோசாஃப்டின் இந்தச் சாதாரண டிரைவரிலும் அவை பாடிவிடும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இணையத்தில் தேடும்போது 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாக வந்து நிற்கும் மென்பொருள்கள் எதையும் இறக்காதீர்கள். மதர்போர்டு அல்லது கணினி நிறுவனத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் டிரைவர் வாங்க வேண்டியதில்லை.

இனி கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். விண்டோஸை அழித்துப் போட்டால் சத்தம் வரவும் செய்யலாம், ஏனென்றால் மேலே சொன்ன தேர்வுகள் எல்லாம் அப்போது முதல் நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒரு பொத்தானில் முடியும் வேலைக்காக ஆறு ஆண்டுப் புகைப்படங்களையும் ஆவணங்களையும் ஆபத்தில் வைக்க வேண்டுமா? விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால் நீங்கள் விண்டோஸ் 11 பற்றி யோசிக்க வேண்டியது உண்மைதான். அது பாதுகாப்புக்காக நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு, ஒலிக்காக அவசரத்தில் எடுப்பது அல்ல.

மதர்போர்டைப் பற்றிச் சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக இயங்கக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸை, காலியான 16 ஜிபி பென்டிரைவில் தெரிந்த ஒருவரிடம் பதியச் சொல்லி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; 'இன்ஸ்டால்' என்பதைத் தொடவே கூடாது. உங்கள் விண்டோஸும் கோப்புகளும் இருந்தபடியே இருக்கும். அங்கே பாட்டு கேட்டால் மதர்போர்டு நலமாக இருக்கிறது, குறை விண்டோஸுக்குள் என்று கடைக்காரரிடமே காட்டலாம். அங்கும் கேட்காமல், பயாஸ் அமைப்பில் (விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் இயங்கும் அடிப்படை மென்பொருள்) ஒலி முடக்கப்படவில்லை என்பதும் உறுதியானால், சுண்டுவிரல் நகத்தளவுள்ள அந்த ஒலிச் சில்லு போயிருக்கக்கூடும். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டாம். யூஎஸ்பி துளையில் சொருகும் சிறிய சவுண்டு கார்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள் தனியாக ஒரு ஒலிச் சில்லு இருப்பதால், மதர்போர்டில் உள்ளதன் தயவு அதற்குத் தேவையில்லை. ஸ்பீக்கர் ஒயரை அதில் சொருகி, 'பிளேபேக்' பக்கத்தில் அதைத் தேர்ந்துவிட்டால் முடிந்தது.

சனிக்கிழமை வகுப்புக்குள் இவை எல்லாம் முடியாவிட்டாலும் கவலைப்பட வேண்டாம். புதிய மானிட்டரின் பின்புறமோ அடியிலோ இயர்போன் துளை இருந்தால், 2.1 செட்டின் ஒயரை அதில் சொருகி, ஒலி மானிட்டருக்கே போகட்டும் என்று விட்டுவிடலாம். துளை இல்லையென்றால் யூஎஸ்பி ஒயர் கொண்ட ஹெட்செட் ஒன்றைப் பயன்படுத்துங்கள். பாட்டு வகுப்புக்குப் புளூடூத் ஹெட்செட் வேண்டாம். அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் கேட்கும் ஒலியின் தரம் தொலைபேசிக் குரல் அளவுக்கு இறங்கிவிடும், ஒலி சற்றுப் பிந்தியும் வரும், தாளம் போடும் பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல். எதைப் பயன்படுத்தினாலும் வெள்ளிக்கிழமை மாலையே வகுப்புக்கான செயலியைத் திறந்து, அதன் ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் எந்தக் கருவியின் பெயர் இருக்கிறது என்று படித்து, சரியானதைத் தேர்ந்து, அங்கே உள்ள சோதனைப் பொத்தானையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விண்டோஸில் நீங்கள் செய்த மாற்றத்தை அந்தச் செயலி தானாக ஏற்றுக்கொள்ளும் என்று இருந்துவிட வேண்டாம்.